மெக்கானிக் முன்னால் மட்டும் சமர்த்து

பழைய பிரிட்டிஷ் கார் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை வந்தது. அதன் டேஷ்போர்டு அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி. ஒரு பள்ளத்தில் விளக்கு அணையும், அடுத்த பள்ளத்தில் எரியும், மெக்கானிக் வீட்டு வாசலில் ஜோராக எரியும்.

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே மேலே ஏறினால், ஓட ஓட பெட்ரோல் ஊறுகிறது என்று மகிழ வேண்டாம். இரண்டுக்கும் 10 வோல்ட் படியளக்கும் ஸ்டெபிலைசருக்கு எர்த் விட்டுப்போயிருக்கலாம்.

உரிமையாளர் பல்பை மாற்றுவார், ஃபியூஸை மாற்றுவார், கடைசியில் மெக்கானிக்கையே மாற்றுவார். கறுப்பு எர்த் ஒயரின் நுனியில் துருவேறிய ஸ்க்ரூ மட்டும் அப்படியே இருக்கும். கழற்றி, உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் போதும்.

ஆனால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வேலை?