தொடர்ந்து எழுதுங்கள்: பாரோய் வட்டாரத்து ஊக்குவிப்பு மரபு பற்றிய ஓர் ஆய்வு

புதிதாக எழுத வருபவர் மனம் தளராமலும் நம்பிக்கை குன்றாமலும் எழுதிக்கொண்டே இருப்பதற்குரிய மூன்று வழிகளை ஆராய்ந்து கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வழிகளுக்குச் செல்லுமுன், எழுத்தாளருக்கான ஊக்கம் என்னும் பண்டம் மலேசியத் தமிழரிடையே, குறிப்பாக நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் அமைந்துள்ள பாரோய் வட்டாரத்தில், எங்கே உற்பத்தியாகி எவ்வாறு விநியோகிக்கப்படுகிறது என்பதை வரையறுத்துக்கொள்வது ஆய்வு முறைக்கு இன்றியமையாததாகும்.

பாரோய் என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவுக்கு வருவது துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கமும் ஆட்ட நாள்களில் அதைச் சுற்றி ஏற்படும் வாகன நெரிசலும்தான். ஆயினும் இம்மாநிலத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்த பிறகு, லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, விட்டு வெளியேறிய குடும்பங்கள் இத்தகைய புறநகர்த் தாமான்களில் குடியேறின. பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கத்திற்கு, இருட்டோடு எழுந்து ஓடிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே இருட்டில் எழுந்து, தாமரைப் பூவின்மேல் 'இனிய காலை வணக்கம்' என்று எழுதிய படத்தைப் புலனக் குழுக்களுக்கு, அதாவது வாட்ஸ்அப் குழுக்களுக்கு, அனுப்பி வருகின்றனர். அக்குழுக்களுள் குறைந்தது ஒன்று எழுத்தாளர் குழுவாக இருக்கும் என்பதும், அதில் எழுதுபவர்களைவிட எழுதத் தூண்டுபவர்களே அதிகமாக இருப்பர் என்பதும் வாசகர் அறிந்தவையே.

இங்குத் 'தன்முனைப்பு' என்னும் சொல்லை விளக்க வேண்டும். தன்முனைப்பு எனப்படுவது, ஒருவர் தம் வேலையைத் தாமே செய்துகொள்வதற்காக வேறொருவருக்குக் கட்டணம் செலுத்திப் பெறும் உந்துதலாகும். இதை வழங்குபவர் தன்முனைப்புப் பேச்சாளர் எனப்படுவார். அவர் காதோரத்தில் ஒலிவாங்கி பொருத்தியிருப்பார், மேடையில் ஓரிடத்தில் நிற்கமாட்டார், அவையோரைப் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டச் சொல்வார். இத்தொழில் நெடுங்காலம் பள்ளி மாணவரை நம்பியே நடந்தது; தேர்வுக்கு முன்பு மாணவரை மண்டபத்தில் அமரவைத்து, தாய் தந்தையரின் தியாகத்தை உருக்கமான பின்னணி இசையுடன் எடுத்துரைத்து, அனைவரும் விம்மி அழுத பின் வீட்டுக்கு அனுப்புவது அதன் வழிமுறை. ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டதும், அழவைப்பதற்கு ஆள் குறைந்த பேச்சாளர்கள் புதிய எழுத்தாளர்கள் பக்கம் திரும்பினர் என்பது இக்கட்டுரையாளரின் ஊகமேயன்றி நிறுவப்பட்ட வரலாறு அன்று. ஆயினும் அந்த ஊகத்தைக் கைவிட அவருக்கு மனமில்லை.

இத்தகைய பட்டறைகளில் தவறாமல் எடுத்துக்காட்டப்படுபவர் ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே. கே. ரௌலிங் ஆவார். அவரைப் பன்னிரண்டு பதிப்பகங்கள் நிராகரித்தன என்றும், அவர் மனம் தளரவில்லை என்றும், எனவே அவையோரும் நிராகரிப்பைக் கண்டு கலங்கக்கூடாது என்றும் கூறப்படும், கைதட்டல் எழும். ஆனால் நிராகரிப்பு என்னும் சொல்லுக்குள், அனுப்பப்பட்டதை யாரோ ஒருவர் வாங்கிப் புரட்டிப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்த செயல் அடங்கியிருக்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளருக்கு அந்தப் பாக்கியம் வாய்ப்பது அரிது. அவர் தாமே தட்டச்சு செய்து, தாமே பிழை திருத்தி, தம் சேமநிதிப் பணத்திலோ மனைவியின் கூட்டுச் சீட்டுப் பணத்திலோ ஐந்நூறு பிரதி அச்சிட்டு, தாமே வெளியிடுகிறார். அவரை நிராகரிக்க வேண்டுமானால் அவரே நிராகரித்துக்கொள்ள வேண்டும். அவரோ தம்மிடம் மிகுந்த இரக்கம் கொண்டவர். நிராகரிக்க ஆளில்லாத ஊரில் நிராகரிப்பைத் தாங்கும் பயிற்சி எதற்கு என்று எந்தப் பட்டறையிலும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ரௌலிங்கின் முதல் நூலும் 1997இல் கெட்டி அட்டையில் ஐந்நூறு பிரதிகளே அச்சானது என்பதையும், அவற்றுள் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பேச்சாளர்கள் குறிப்பிடுவதில்லை. நம் ஐந்நூறு கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்கின்றது.

புதுமைப்பித்தனை எந்தத் தன்முனைப்புப் பேச்சாளரும் எடுத்துக்காட்டுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவர் 1948இல் தம் நாற்பத்திரண்டாம் வயதில் காசநோயால் மறைந்தார். அவர் வாழ்க்கையைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டச் சொல்வது கடினம்.

இவ்வாராய்ச்சிக்கு உடனடிக் காரணமாக அமைந்த நிகழ்ச்சியை இனிக் கூறலாம். அண்மையில் ஒரு புலனக் குழுவில் இளைஞர் ஒருவர் தம் முதல் சிறுகதையைக் கோப்பாகப் பதிவேற்றினார். ஒரு நிமிடம்கூடக் கழியவில்லை. 'அருமை தம்பி, தொடர்ந்து எழுதுங்கள்' என்று ஒரு பதில் வந்தது. அதைத் தொடர்ந்து கட்டைவிரல்கள், கூப்பிய கைகள், பூங்கொத்துகள், 'நடை அபாரம்', 'முடிவு கண்கலங்க வைத்தது' எனச் சரமாரியாகப் பாராட்டுகள் குவிந்தன. அக்கோப்போ பழுதுபட்டிருந்தது, எந்தக் கைப்பேசியிலும் அது திறக்காது. இதை இக்கட்டுரையாளர் அறிந்துகொண்டது இலக்கிய ஆர்வத்தால் அன்று. கதையில் எரிச்சல் பிடித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரேனும் தம்மைப் பார்த்து எழுதப்பட்டிருப்பாரோ என்ற ஐயத்தால் அதைத் திறக்க முயன்றபோதுதான். கோப்பு திறக்கவில்லை என்று அவர் குழுவில் தெரிவித்ததற்கு, 'ஐயா, வளரும் எழுத்தாளர்களிடம் நேர்மறையாகப் பேசுங்கள்' என்று மறுமொழி வந்தது. அதற்கும் ஏழெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

இனி முதல் வழி. புதிய எழுத்தாளர் தம் உற்சாகத்தைக் காத்துக்கொள்வதற்கான முதல் வழி, நூல் வெளியீட்டு விழாவிலிருந்து விலகி நிற்பதாகும். ஆனால் நூல் வெளியீட்டு விழா என்பது யாது என்பதை வரையறுக்காமல் அதிலிருந்து விலகி நிற்குமாறு கூறுவது முறையாகாது.

நூல் வெளியீட்டு விழா எனப்படுவது, நூலைத் தவிர மற்ற அனைத்தும் வெளிப்படும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகும். அழைப்பிதழில் பிற்பகல் இரண்டு மணி என்று அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு மணிக்கு வருபவர் எழுத்தாளரின் மாமனார் மட்டுமே. சிறப்பு விருந்தினராகிய டத்தோ சிரம்பானில் வேறொரு நிகழ்ச்சியில் இருக்கிறார் என்றும், புறப்பட்டுவிட்டார் என்றும், சாலைச் சமிக்ஞை விளக்கை நெருங்கிவிட்டார் என்றும் அறிவிப்பாளர் அரைமணிக்கு ஒருமுறை அறிவிப்பார். அதற்குள் ஒலிபெருக்கி சரிபார்க்கப்பட்டு, குத்துவிளக்குக்குத் திரி தேடப்பட்டு, தீப்பெட்டி தேடப்பட்டு, கடைசியில் மண்டபத்துக்கு வெளியே புகைத்துக்கொண்டிருப்பவரிடம் நெருப்பு பெறப்படும். டத்தோ வந்ததும் நெகாராகூ, மாநிலப் பண், தமிழ் வாழ்த்து, கடவுள் வாழ்த்து ஆகியவற்றுக்காக அவையினர் நின்றுகொண்டே இருப்பர். அடுத்து வரவேற்புரை. வரவேற்புரை எனப்படுவது வந்திருப்பவர்களின் பெயர்களைப் பட்டங்களோடு படிப்பதாகும். ஒரு பட்டம் விடுபட்டால் அடுத்த பேச்சாளர் அதைச் சரிசெய்துவிட்டு, தம் பங்குக்கு அனைத்துப் பெயர்களையும் முதலிலிருந்து படிப்பார். விடுபட்டவர் அதற்குள் கோபித்துக்கொண்டு தேநீர் அருந்தப் போயிருப்பார். அவரை அழைத்துவர ஒருவர் போவார். அவரும் கறிபாப் தட்டருகே நின்றுவிடுவார்.

வரவேற்புரைக்குப் பின் தலைமையுரை, முன்னிலை வகிப்பவரின் உரை, வாழ்த்துரை, சிறப்புரை, மீண்டும் ஒரு வாழ்த்துரை. வாழ்த்துரை எனப்படுவது நூலை வாசிக்காதவர் நூலாசிரியருக்கு வழங்கும் சான்றிதழ். அதன் இலக்கணத்தில் மூன்று உறுப்புகள் உண்டு. அட்டைப்படம் அழகாக இருக்கிறது என்பது முதலாவது. நூலை இன்னும் படிக்கவில்லை, இன்றிரவே படித்துவிடுவேன் என்பது இரண்டாவது. தொடர்ந்து எழுதுங்கள் என்பது மூன்றாவது. டத்தோ பேசும்போது இவற்றுடன் நான்காவதாக ஓர் உறுப்பும் சேரும்: தாமும் தோட்டத்தில் பிறந்தவர்தாம், தம் தாயும் பால்மரம் வெட்டியவர்தாம், தாமும் வெறுங்காலோடு தோட்டப் பள்ளிக்கு நடந்தவர்தாம் என்று அவர் தம் வரலாற்றைத் தொடங்குவார், லயத்தில் தொடங்கிய அது கட்டுமானத் தொழிலையும் இரண்டாவது மெர்சிடிஸ் காரையும் எட்டும்போது மணி ஐந்தாகியிருக்கும். வெளியிடப்படும் நூலைவிட இந்த வரலாறு சுவையானது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் டத்தோ அதைப் பல விழாக்களில் திருத்தித் திருத்திச் சொல்லியிருப்பதே. எழுத்தாளர் தம் நூலை ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

அதன்பின் நூலாய்வுரை. ஆய்வாளர் ஒருவரே நூலைப் படித்தவர். படித்ததற்குப் பழி தீர்ப்பதைப் போல் பன்னிரண்டு கதைகளையும் ஒன்றுவிடாமல், திருப்பங்களோடும் முடிவுகளோடும், சொல்லி முடிப்பார். இனி எவரும் நூலை வாங்கிப் படிக்க வேண்டிய தேவையில்லை. அடுத்தது முதல் நூல் பெறும் சடங்கு: தொழிலதிபர் ஒருவர் உறையொன்றைக் கொடுத்து, பட்டுத்துணி சுற்றிய நூலைப் பெற்று, ஒளிப்படத்துக்காக அதை மார்போடு சேர்த்துப் பிடித்து, இறங்கும்போது மேடையோர மேசையில் வைத்துவிட்டுப் போவார். பொன்னாடைகளைப் பற்றித் தனி ஆய்வே தேவை. பொன்னாடை எனப்படுவது எவரும் உடுத்தாத, எதையும் துடைக்க உதவாத, பளபளப்பான துணி. இம்மாநிலத்தில் அவற்றின் மொத்த எண்ணிக்கை மாறுவதேயில்லை என்பதும், ஒருவர் போர்த்தப்பெற்றதை அடுத்த ஞாயிறு வேறொருவருக்குப் போர்த்துவதன்மூலம் அவை சிரம்பானுக்கும் பகாவுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே சுழன்றுகொண்டிருக்கின்றன என்பதும் இக்கட்டுரையாளரின் நெடுநாளைய கணிப்பு. ஒருமுறை அவருக்குப் போர்த்தப்பட்ட துணியின் ஓரத்தில் சாம்பார் கறை இருந்தது. அதே கறையைச் சில வாரங்களுக்கு முன்பு அவர் வேறொருவர் தோளில் கண்டிருந்தார். எல்லாம் முடிந்து நூலாசிரியர் ஏற்புரைக்கு எழும்போது மண்டபக் காவலர் விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருப்பார்.

முதல் வழியே இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டதால் மற்ற இரண்டையும் விட்டுவிட நேர்கிறது. அவை அவ்வளவு முக்கியமானவையும் அல்ல.

புதியவரை வளர்க்க வேறு முறையே இந்நாட்டில் இருந்ததில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழில், 1950ஆம் ஆண்டளவில், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். கதை வகுப்பு என்பது வாசகருக்கு எழுத்துப் பாடம் சொல்லி, அவர்கள் எழுதி அனுப்பியவற்றைப் பார்த்து மதிப்பிட்ட ஏற்பாடாகும். மலேசியச் சிறுகதை வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் அந்த வகுப்பைக் குறிப்பிடாமல் கடந்து செல்வதில்லை. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்து அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் அமைத்துக் கதைகளைப் பற்றிப் பேசினார். பிற்காலத்தில் பவுன் பரிசு கொடுத்துக் கதை தேர்ந்தெடுத்ததும் அவ்விதழே. பவுனுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் மற்றவற்றை ஒதுக்க வேண்டும், ஒதுக்க வேண்டுமானால் படிக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திவந்த சிறுகதைப் போட்டியிலும் தோற்றவர்களே மிகுதி. அவர்களுள் பலர் அடுத்த ஆண்டும் எழுதினார்கள், யாரும் தோளைத் தட்டாமலே. 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டு சனவரி இறுதியோடு நின்றுபோயிற்று.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பால்மரத்தின் பட்டையில் ஊக்கி மருந்து பூசினால் பால் கூடுதலாக வடியும். அளவு மீறிப் பூசினால் வெட்டிய பட்டை வறண்டு, எவ்வளவு சீவினாலும் சொட்டுக்கூட வராது. மருந்தை விற்றவரும் அளவு சொல்லித்தான் விற்றார். 'அருமை, தொடர்ந்து எழுதுங்கள்' என்பதற்கு எவரும் அளவு சொல்லவில்லை. முதல் கதைக்கு நூறு பூங்கொத்துகள் பெற்றவர், அதே நூறைப் பெறுவதற்காக அதே கதையை ஊர்ப்பெயர் மாற்றி எழுதுகிறார். மூன்றாம் கதைக்குப் பூங்கொத்து எண்பதாகக் குறைந்ததும், சமுதாயம் எழுத்தாளனை மதிப்பதில்லை என்று மனமுடைந்து, தாமே தன்முனைப்புப் பேச்சாளராகிவிடுகிறார். இவ்வகையில் எழுத்தை விட்டவர்களை இக்கட்டுரையாளர் அறிவார். கடுமையான விமரிசனத்தால் எழுத்தை விட்ட ஒருவரையேனும் கண்டுபிடிக்க அவர் முயன்று வருகிறார், இதுவரை கிடைக்கவில்லை, விமரிசனம் கிடைக்காததால்.

ஆகவே பாரோய் வாசகர்களுக்கும் பிற ஊர் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புலனக் குழுவில் யாரேனும் கதை அனுப்பினால், கட்டைவிரலைச் சற்று அடக்கிக்கொண்டு கோப்பைத் திறந்து, முழுவதும் படித்து, எந்தப் பத்தியில் கொட்டாவி வந்தது என்பதை எழுத்தாளருக்குத் தெரிவிக்கவும். அதற்கு நேரமில்லாதவர்கள் தயவுசெய்து ஒன்றும் எழுத வேண்டாம்.