வங்கா நரியும் வாடகைப் பணமும்

1970-களில் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் கழிந்தால் காளையைவிட நரிக்குத்தான் கூட்டம் அதிகம். இளவட்டங்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கரட்டுப் பக்கம் போவார்கள். வங்கா நரி ஒன்றை உயிரோடு பிடித்து, மாலை போட்டு, மேளம் கொட்டி ஊருக்குள் கொண்டுவருவார்கள். கோயிலைச் சுற்றிவந்த பிறகு கயிற்றைக் கட்டி ஓடவிட்டுப் பிடிப்பார்கள். நரி முகத்தில் விழித்தால் அந்த வருசம் மழைக்கும் வெள்ளாமைக்கும் குறைவிருக்காது என்பது நம்பிக்கை. சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி என்று இந்த வங்கா நரி ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன ஊர்கள் உண்டு. அப்பாவின் தோளில் உட்கார்ந்து நான் பார்த்த நரி பூனையைவிடச் சற்றுத்தான் பெரிது. வால் நுனியில் மட்டும் கறுப்பு. வாயைக் கட்டியிருந்தார்கள். விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன்.

நாமக்கல் பக்கம் சேந்தமங்கலத்தில் பெரியம்மா வீடு. கடலைக்காய் முற்றும் மாதத்தில் ராத்திரி முழுக்க நரி ஊளை கேட்கும். இது வங்கா நரி அல்ல, பெரிய நரி. பெரியப்பா அரிக்கேன் விளக்கோடு காவலுக்குப் போவார். விடிந்து போய்ப் பார்த்தால் பறித்துப்போட்ட செடியும் கடித்துத் துப்பிய தொப்பியுமாகக் கிடக்கும். நாலு செடி போனால் போகிறது என்பார் பெரியப்பா. வரப்பு எலியைப் பிடிக்கவும் அதே நரிதான் வர வேண்டும் என்பது அவர் கணக்கு.

மயிலைப் பார்க்க மட்டும் பழனிக்கோ விராலிமலைக்கோ போக வேண்டியிருந்தது. தைப்பூசத்துக்கு எடப்பாடிக் காவடியோடு நடந்து போய்வரும் உறவுக்காரர் ஒருவர் பஞ்சாமிர்தத்தோடு ஒரு மயிலிறகும் கொண்டுவந்து தருவார். அந்த ஒற்றை இறகுக்கு வீட்டில் சண்டையே நடக்கும்.

இப்போது பெரியப்பா காட்டைப் பார்ப்பது அவர் மகன், எனக்கு அண்ணன் முறை. விதைக்கடலை ஊன்றிய அன்றே மயில்கள் வந்துவிடுகின்றன. சாலைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து, மண்ணைக் காலால் ஒரு கீறு கீறி, ஒவ்வொரு பருப்பாக எடுத்துத் தின்கின்றன. திரும்பிப் பார்த்தால் அந்தச் சாலில் ஒரு விதைகூட மிஞ்சியிருக்காது. தக்காளிக் காட்டில் ஒரு பழத்தை முழுசாகத் தின்றால் பொறுத்துக்கொள்ளலாம். பழத்துக்கு ஒரு கொத்து. கொத்துப்பட்ட பழத்தைச் சந்தையில் யாரும் தொடுவதில்லை. அண்ணன் வீட்டுப் பழைய சேலையெல்லாம் காட்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. முதலில் மயில்கள் மிரண்டன. பிறகு பழகிவிட்டன. தகர டப்பாவைத் தட்டினால் பத்தடி நகர்ந்து நின்று நம்மையே பார்க்கின்றன. வாசலில் நிற்கும் பைக்கின் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு ஓர் ஆண் மயில் கொத்திச் சண்டையிடுகிறது. கண்ணாடிக்கு உறை போட்டிருக்கிறார்கள்.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மயில் நாடெங்கும் பெருகியிருப்பதை 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் சொல்கிறது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைகளைக் கணக்கெடுத்த சாலிம் அலி ஒரு மயிலைக்கூடப் பதிவு செய்யவில்லை. இன்று கேரளத்து நெல் விவசாயியும் மயிலோடு மல்லுக்கட்டுகிறார். நிலம் வறண்டு வருவது, சட்டத்தின் காவல் என்று காரணம் பல சொல்கிறார்கள். முட்டையையும் குஞ்சையும் தூக்கிப்போக நரி இல்லாததும் ஒன்று. எங்கள் ஊரைப் பார்த்தவன் என்ற முறையில் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நரி ஜல்லிக்கட்டை வனத்துறை இப்போது அனுமதிப்பதில்லை. மீறினால் வழக்கு, அபராதம். அந்த விலா ஏறி இறங்கியதைப் பார்த்த எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் வருசத்துக்கு ஒரு நாள் போட்ட வலையால் மட்டும் நரி அற்றுப்போகவில்லை. கிளுவை வேலியை வெட்டிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தோம். மேய்ச்சல் புறம்போக்கைச் சமன் செய்து மனை போட்டோம். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்கு நான்குவழிச் சாலை வந்தது. வங்கு தோண்ட ஒரு மேடு, பதுங்க ஒரு புதர், இரண்டும் இல்லாத இடத்தில் நரி எப்படிக் குட்டி போடும்?

விலங்குக்கு இடம் விட்டு வாழ்கிறவர்களையும் ஓரிடத்தில் பார்த்தேன். மகள் வேலை நிமித்தம் நைரோபியில் இருக்கிறாள். அவளோடு மாசாய் மாராவை ஒட்டிய நபோய்ஷோ காப்பகத்தில் கூடாரத்தில் தங்கினேன். சுற்றி வேலி கிடையாது. இருட்டிய பிறகு தனியாக வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. சாப்பிடப் போனாலும் டார்ச் விளக்கோடு ஒரு மாசாய்க் காவலர் துணைக்கு வருவார். ராத்திரி கூடாரத்துக்கு வெளியே யானை கிளை ஒடிக்கும் சத்தம் கேட்டது. காலையில் மேசையிலிருந்த ரொட்டியைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓட, பக்கத்து மேசை வெள்ளைக்காரத் தம்பதி கைதட்டினார்கள். இதற்காகத்தான் ஒரு ராத்திரிக்குப் பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து அங்கே வருகிறார்கள்.

காவலரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் குடும்ப நிலமும் அந்தக் காப்பகத்துக்குள்தான் இருக்கிறதாம். 2010-இல் 500-க்கும் மேற்பட்ட மாசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சேர்த்துக் குத்தகைக்கு விட்டு உருவானது நபோய்ஷோ. பரப்பு சுமார் 50,000 ஏக்கர். முகாம் நடத்துகிறவர்கள் கொடுக்கும் பணம் மாதா மாதம் நிலக்காரருக்கு வாடகையாக வந்துவிடுகிறது. மாடு மேய்க்கவும் முறை வைத்திருக்கிறார்கள். சிங்கம் மாட்டை அடித்தால் கோபம் வராதா என்று கேட்டேன். வரும், ஆனால் சிங்கம் போய்விட்டால் வாடகையும் போய்விடும் என்றார். குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். 2020-இல் கொரோனாவால் பயணிகள் வரத்து நின்றபோது அந்த வாடகையும் ஆட்டம் கண்டது. ஆனாலும் விலங்கோடு குடியிருப்பவனுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவிழ்ந்திருந்த சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டார்: “நம்ம கடலைக்காட்டுல வந்து தங்கறதுக்கு எவன் தம்பி காசு குடுப்பான்?”

யாரும் வர மாட்டார்கள்தான். அதனால்தான் அந்த வாடகையை அரசு கொடுக்க வேண்டும் என்கிறேன். நாட்டுக்கே சொந்தமான பறவைக்குத் தீனி போடும் செலவு ஒரு சேந்தமங்கலத்துக்காரர் தலையில் மட்டும் விழுவது எந்த விதத்தில் நியாயம்? சேதத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்டு மனு எழுதி, படம் பிடித்து அலைவது விதைப்புக் காலத்தில் நடக்கிற காரியமில்லை. 2018-இல் மதுரைப் பக்கம் 40-க்கும் மேற்பட்ட மயில்கள் விஷத்தில் செத்துக் கிடந்த செய்தியைப் படித்து அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை. அவர் விஷம் வைக்கிறவர் இல்லை. நட்டத்தைத் தாங்கிக்கொண்டே போவதற்கும் அவருக்கு வழியில்லை. உயிர்வேலியை வெட்டாமல் விடுகிறவருக்கு, ஓரத்தில் நாலு சால் உழாமல் விடுகிறவருக்கு, ஏக்கருக்கு இவ்வளவு என்று வருசா வருசம் கொடுக்கட்டும். வேலி இருந்தால் நரியும் திரும்பக்கூடும்.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். “விதைக்கடலை விலை வந்தாக்கூடப் போதும், கிழக்கோரத்து வேலியை விட்டுடறேன். ஆனா ஆடிக்கு முன்னாலயே கைக்கு வரணும் தம்பி. அறுப்பு முடிஞ்சு வந்தா என்ன பண்றது?” என்றார்.