தெரியுது, ஆனா கால் வரமாட்டேங்குது!

மனித உடம்பில் சுலபமாக ஏமாறுவது மனசுதான் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர்கள் காலத்தில், மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்தைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட் இல்லை. இருந்திருந்தால் முழங்காலைச் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பெரியப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்றுகொண்டு, கீழே இருக்கும் மேஸ்திரியைத் திட்டியே பாதி சர்வீஸை ஓட்டியவர். என் தங்கை மகன் கொண்டுவந்த ஹெட்செட்டை அவர் தலையில் மாட்டி, 'ரிச்சீஸ் பிளாங்க் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற ஆஸ்திரேலிய விளையாட்டைப் போட்டுவிட்டோம். பெரிய கதையெல்லாம் கிடையாது. லிஃப்டில் ஏறினால் 80 மாடி உயரத்தில் கதவு திறக்கும். வெளியே ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா முதலில் கைப்பிடிச் சுவர் இல்லாததைக் கண்டித்தார். இதற்கு எவன் ப்ளான் அப்ரூவல் கொடுத்தான் என்று கேட்டார். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பாதங்களும் எங்கள் ஹால் மொசைக்கை விட்டு நகரவில்லை.

"தாத்தா, இது நம்ம ஹால்தான். தைரியமா நடங்க."

"தெரியுதுடா. தெரிஞ்சு என்ன பண்றது? கால் வரமாட்டேங்குதே!"

இதையே மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர் 2009இல் ஒரு கட்டுரையாக எழுதினார். நாம் அந்த இடத்திலேயே இருக்கிறோம் என்பது ஒரு மாயை. அங்கே நடப்பது நிஜமாகவே நடக்கிறது என்பது இன்னொரு மாயை. இரண்டும் கூடிவிட்டால், பொய் என்று நன்றாகத் தெரிந்தவரும் நிஜத்தில் நடந்துகொள்வதுபோலவே நடந்துகொள்வார். பெரியப்பா ஸ்லேட்டரைப் படித்தவரில்லை. சோபா வரை தவழ்ந்தே போய் நிரூபித்தார்.

அந்த விளையாட்டில் இன்னொரு கொடுமையான வசதியும் உண்டு. நிஜப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன் அளவைச் சொல்லிவிடலாம். உள்ளே தெரியும் பலகையும் அதே அளவுக்கு மாறிக்கொள்ளும். தங்கை மகன் பரணிலிருந்து பழைய கட்டில் பலகையை இறக்கினான். கண்ணுக்குத் தெரியும் விளிம்பும் பாதத்துக்குத் தட்டுப்படும் விளிம்பும் ஓரிடத்தில் வந்துவிட்டால், அதன்பிறகு படிப்பு, அனுபவம், பென்ஷன் எதுவும் உதவாது. அடுத்து ஏறிய தங்கை வீட்டுக்காரர் ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். திரையோடு கம்பியும் வந்தது.

விளையாட்டுக்குள்ளே நம்மை இழுப்பது படத்தின் அழகு என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம் உடம்பு கேட்பது மரியாதையை. தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்ப வேண்டும். 20 மில்லிவினாடிக்குள் திரும்பினால் உத்தமம். 2016இல் வந்த ரிஃப்ட், வைவ் ஹெட்செட்டுகள் நொடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பித்ததும் இந்த அவசரத்துக்காகத்தான். மரியாதை குறைந்தால், சமநிலையைக் கவனிக்கும் உட்காது கோபித்துக்கொள்ளும்.

கோபம் எப்படி இருக்கும் என்பதை ஒரு ரோலர்கோஸ்டர் விளையாட்டில் பார்த்தேன். கண் 'விழுகிறோம்' என்றது. உட்காது 'பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்' என்றது. இப்படிப் புலன்கள் முரண்பட்டால், ஏதோ விஷத்தைச் சாப்பிட்டுவிட்டோம் என்று மூளை முடிவு செய்து வெளியேற்றப் பார்க்கிறது என்று 1977இல் ட்ரைஸ்மன் என்பவர் ஒரு கருத்துச் சொன்னார். அன்று மதியம் மோர்க்குழம்பு. நான் வாஷ்பேசினிலிருந்து திரும்பி ட்ரைஸ்மனின் கருத்தை விளக்கியபோது, "என் சமையலைக் குறை சொல்ல வெள்ளைக்காரனைச் சாட்சிக்குக் கூப்பிடறீங்களா?" என்றாள் மனைவி.

விவரமான தயாரிப்பாளர்கள் கண்ணுக்கும் உட்காதுக்குமான இந்தச் சண்டையையே மூட்டுவதில்லை. ஆளை நின்ற இடத்திலேயே நிறுத்தி, கைக்கு வேலை கொடுத்துவிடுகிறார்கள். டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்து அவுல்கெமி லேப்ஸ் 2016இல் வெளியிட்ட 'ஜாப் சிமுலேட்டர்' அப்படிப்பட்டது. கதை 2050இல் நடக்கிறது. வேலைகளையெல்லாம் ரோபோக்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. 'வேலை' என்றால் என்ன என்று மனிதர்களுக்கு அவையே செய்துகாட்டுகின்றன. படமெல்லாம் கார்ட்டூன்தான். ஆனால் கைக்கு எட்டுவதையெல்லாம் எடுக்கலாம், எறியலாம், கடிக்கலாம். தக்காளியை எடுத்தால் நம் கை மறைந்து, கை இருந்த இடத்தில் தக்காளி மட்டும் நிற்கும். ஆடுகிறவர்கள் கை காணாமல்போனதையே கவனிப்பதில்லை. சொன்னபடி தக்காளி நகர்கிறதா, அது போதும். நான் அதில் சமையல்காரனாக வெகு நேரம் உழைத்தேன். குடித்த காபி டம்ளரைக் கூட எடுத்துவைக்காதவன், இல்லாத பாத்திரத்தை இவ்வளவு அக்கறையாக அடுப்பிலேற்றுகிறானே என்று வாசற்படியில் ஒருத்தி நின்று பார்த்தது எனக்குத் தெரியாது.

2020இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' இன்னும் ஒரு படி மேல். ஒரு கட்டத்தில் கண் தெரியாத, காது மட்டும் கூர்மையான ஜந்து ஒன்றைத் தாண்டிப் போகவேண்டும். காற்றெல்லாம் நச்சுத் தூள், இருமல் வரும், இருமினால் தீர்ந்தோம். சுலபமான வழி, நம் கையைத் தூக்கி நம் வாயைப் பொத்திக்கொள்வது. அதற்குத் தனி பட்டன் கிடையாது, நிஜமாகவே பொத்தவேண்டும். நான் பொத்திக்கொண்டு நின்றேன். பாத்திரம் தேய்க்க வந்த அக்கா பல்வலி என்று நினைத்து, கிராம்பு எடுத்துவந்தார்.

செக் நாட்டிலிருந்து 2018இல் வந்த 'பீட் சேபர்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டுக்கேற்ப கட்டைகள் பறந்துவரும், இரு கையிலும் இருக்கும் ஒளிவாளால் வெட்ட வேண்டும். சும்மா தட்டினால் மதிப்பெண் குறைவு. வெட்டுக்கு முன்னால் 100 டிகிரி, பின்னால் 60 டிகிரி வாள் சுழன்றால்தான் முழுசாகக் கிடைக்கும். ஆக, விளையாட்டே நம்மை வீரனைப்போல வீசவைக்கிறது. வெட்டும்போது கைப்பிடி லேசாக அதிரும். அந்தச் சின்ன அதிர்வு போதும், உள்ளே நான் சாட்சாத் கத்திச்சண்டை வீரன். வெளியே இருந்து பார்த்தால், டெங்கு சீசனில் கொசு பேட்டோடு அலைகிறவன்.

சுவரை நெருங்கினால் ஹெட்செட் கட்டம்போட்ட எல்லைக்கோடு காட்டி எச்சரிக்கும். சீலிங் ஃபேன் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ஆட்டம். சித்திரை மாதத்தில் சென்னையில் இதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அம்மா மட்டும் ஹெட்செட்டைத் தொடவேயில்லை. கண்புரை ஆபரேஷன் ஆன கண் என்று காரணம் சொல்லிவிட்டாள். ஆனால் சாயங்காலமானால் சோபாவின் நடு இடம் அவளுடையது. உள்ளே தெரிவதை டி.வி.யிலும் காட்டலாம் என்று பேரன் போட்டுக் காண்பித்தான். "அதை அணைச்சுடுடா. ஆளைப் பாத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எதிர் ஃப்ளாட் மாமிகளையும் கூப்பிட்டிருக்கிறாள். முறுக்கு சுட்டாயிற்று. விளையாடத்தான் ஆள் கிடைக்கவில்லை.