சிஸ்டத்துல காட்டல சார்

எண்பதுகளில் காஞ்சிபுரம் செவிலிமேட்டுத் தெருவில் எந்த வண்டி எஞ்சின் எப்படிக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. வீட்டுக்கு வீடு தறி. நாடா ஓடும், பலகை அடிக்கும், மேலே ஜக்கார்டு பெட்டி கடகடக்கும். பட்டு முதலாளியின் அம்பாசடரில் 'டிக் டிக்' வருகிறது என்பது, வண்டி வந்தவாசி ரோட்டைப் பிடித்த பிறகுதான் டிரைவருக்கே தெரியும்.

மெக்கானிக் வருவார். நீள ஸ்குரூ டிரைவரின் முனை வால்வு மூடியில், கைப்பிடி காதோரம். "டேப்பட்டுதான் மொதலாளி." 1489 சிசி எஞ்சினில் எட்டு வால்வு. முதல் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் எட்டாவதைப் பார்க்க வேண்டும், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. எஞ்சின் ஆறியபின் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) தகட்டைச் செருகுவார். லேசாகப் பிடித்துக்கொண்டே உருவி வந்தால் சரி. இறுகிப் போனால் சத்தம் வராது. வால்வு சரியாக உட்காராமல் கருகும். "டேப்பட் பேசணும். பேசலன்னாதான் பயம்" என்பார். பிக் எண்ட் பேரிங் போய் எஞ்சின் 'தொம் தொம்' என்று இடித்தபோதும் அவர் டேப்பட் என்றுதான் சொன்னார் என்பதையும் இந்தப் பழம்பெருமையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். அப்பா பட்டு நெய்த வீட்டுப் பிள்ளை கம்பெனி பஸ் ஏறிப் போய்க் கார் செய்கிறான். தறி நின்ற தெருவில், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய என் கார் காலையில் டிக்கடிப்பது நாலு வீடு தாண்டிக் கேட்கிறது. கார் செய்யப் போனவர்கள் விட்டுப்போன அமைதியில்தான் காரின் வியாதியே வெளியே வந்தது.

சர்வீஸ் சென்டரில் டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினார்கள். வண்டி பக்கத்திலேயே டிக்கடித்துக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டைத் தம்பி திரையைக் காட்டினான்: "சிஸ்டத்துல எதுவும் காட்டல சார்." சென்சார் அளக்காத கோளாறு ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் கோளாறே இல்லை என்று அச்சடித்த தாள் கொடுத்தார்கள்.

வந்தவாசி ரோட்டுப் பட்டறைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "சூடானா நிக்குதா?" ஐந்தே நிமிடத்தில் நின்றுவிடும் என்றேன். காதில் ரப்பர் ட்யூபைச் சொருகி, மறுமுனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினார். மூன்றாவது சிலிண்டரருகே புகைக்கரி படிந்திருந்தது. கேஸ்கெட் ஓட்டை, இரும்பு சூடாகி விரிந்ததும் தானே அடைத்துக்கொள்கிறது. டேப்பட் இல்லை.

கழற்றும்போது துருப்பிடித்த ஸ்டட் ஒன்று முறிந்தது. அதை டிரில் போட்டு எடுக்கவே ஒரு நாள் போயிற்று. கேஸ்கெட்டும் கூலியும் துண்டுச்சீட்டில் கணக்கு. கோளாறில்லை என்று சொன்னதற்குத்தான் ஜிஎஸ்டியோடு பில்.