பென்சன் சைக்கிளார்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பென்சன் வாங்குகிறவருக்கு ஏழு நாளும் ஒரே நாள்தான். ஆனாலும் பென்சன் சைக்கிளார் வெள்ளிக்கிழமை காலையில்தான் வண்டியை வெளியே எடுப்பார். செவ்வாய்க்கிழமை ஓட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டின் அடியில் ஏழு மணிக்குக் கூட வேண்டும் என்று முதல்நாள் இரவே வாட்சாப்பில் கட்டளை வந்துவிடும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக 1936-இல் கட்டிய கூண்டு அது. சொன்ன நேரத்துக்கு நாங்கள் எல்லாரும் வந்து கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்போம். இவர் ஏழரைக்கு வருவார். கேட்டால், "பெரட்டுல ஆளுங்க வந்து வரிசையா நின்னப்புறம்தான் தம்பி கிராணி வரணும்" என்பார். ஆமாம், தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்சன் சைக்கிளார் இனத்தில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் ரயில்வேக்காரர்களும் உண்டு. அசல் ரகம் கிராணிதான்.

வேடிக்கை என்னவென்றால், இவருடைய பாதி ஆயுள் சைக்கிளிடமிருந்து தப்பிப்பதிலேயே கழிந்தது. அப்பாவின் கறுப்பு ராலேயில் குரங்குப் பெடல் போட்டு, செம்மண் சடக்கில் முட்டி தேய்த்துப் பள்ளிக்கூடம் போனவர். சம்பளம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஹோண்டா கப்சாய் வாங்கினார். கல்யாணத்துக்குப் பின் புரோட்டோன் சாகா. சைக்கிள் என்பது வசதி இல்லாதவன் ஏறுவது என்று வைராக்கியமாக இருந்தவரை, கிளினிக் டாக்டர் 'இனிப்பு நீர்' என்ற ஒரே வார்த்தையில் மறுபடியும் சீட்டில் உட்கார வைத்துவிட்டார். இப்போதைய வண்டிக்கு கார்பன் உடம்பு, டிஸ்க் பிரேக். விலையில் ஒரு சைபரை விழுங்கிவிட்டுத்தான் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்கும் அது தெரியும். நேரம் வரட்டும் என்று காத்திருக்கிறார்.

வண்டி வந்த அன்றே மாரியம்மன் கோயிலில் பூசை. முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார். ஹேண்டிலுக்கு மாலை, கார்பன் தண்டுக்குத் திருநீற்றுப் பட்டை. பூசாரி சும்மா இருக்காமல் பளபளவென்று கண்ணில் பட்ட பிரேக் தட்டிலும் எண்ணெய்க் கையால் சந்தனம் குழைத்து மூன்று பொட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்து பிரேக் பிடித்தால் வண்டி நிற்பது சந்தேகம். அலறல் மட்டும் நிச்சயம். தட்டைத் துடைத்துக் கட்டையை மாற்ற வேண்டும் என்று கடைக்காரப் பையன் சொல்லிப் பார்த்தான். "சாமிக்கு வெச்சத சுரண்டச் சொல்றியா?" என்று கேட்டதும் அவன் வாயை மூடிக்கொண்டான். பெல் தேவையில்லாமல் போனது ஒரு லாபம்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே ஒளிரும் பச்சை ஜெர்சி, கீழே பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான கால்சட்டை. அதற்கும் மேலே ஒரு பழைய காக்கிக் கால்சட்டை. வழியில் கோயில் வந்தால் பெண்டு பிள்ளைகள் இருப்பார்களாம்.

இவருக்கு கெடாவை விட்டால் வேறு ஊர் சரிப்படாது. ஜெராய் மலையைத் தாண்டி வடக்கே போனால் பெர்லிஸ் வரைக்கும் தரை தட்டையாகக் கிடக்கிறது. 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்ததிலிருந்து வருடத்துக்கு இரண்டு போகம். வயலுக்கு வயல் வாய்க்கால், வாய்க்காலுக்கு வாய்க்கால் கரைப்பாதை. குருணிலிருந்து அலோர்ஸ்டார் வரை சுமார் 35 கிலோமீட்டருக்கு ஓடும் வான் மாட் சமான் கால்வாய் இவருக்கு உயிர். 1885-இல் வெட்டத் தொடங்கியபோது, இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு நேர்கோடு பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையை இவர் கால்வாய்க் கரையில் நின்றுதான் சொல்வார். ஓட்டிக்கொண்டே பேசினால் மூச்சு வாங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். 'விளக்கமாகச் சொல்லணும்' என்பது அவர் சொல்லும் காரணம்.

மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை முடிந்து வயல்கள் மொட்டையாகக் கிடக்கையில் கிழக்கிலிருந்து ஒரு வறட்டுக் காற்று அடிக்கும் பாருங்கள், பெடலை மிதிக்க மிதிக்க வண்டி அதே தென்னை மரத்தடியிலேயே இருக்கும். அப்போதெல்லாம் இவருக்குத் திடீரென்று இயற்கை மேல் ஆசை வந்துவிடும். இறங்கி, நெல் தாளில் ஒட்டியிருக்கும் ரோஜா நிற முட்டைக் கொத்தைக் காட்டுவார். தங்க நத்தையின் முட்டை, நெற்பயிருக்கு எமன். அந்த நத்தையைத் தின்னவே சயாம் பக்கமிருந்து நத்தைகுத்தி நாரைகள் சில வருடங்களாகக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் பறவை. இவர் அதைக் கொக்கு என்பார். யாரும் திருத்துவதில்லை, திருத்தினால் இன்னும் கால் மணி நேரம் ஆகும்.

வழி சொல்வதில் இவருடைய முறையே தனி. எங்கள் கையில் இருக்கும் தொலைபேசி 'தாமான்', 'தாமான்' என்று காட்டிக்கொண்டிருக்கும். இவருடைய மண்டைக்குள் இருக்கும் வரைபடத்தில் தாமானே கிடையாது. "பால் கொட்டாய் தாண்டி இடது பக்கம் வெட்டு, ஆயாக் கொட்டகை வரும், அப்புறம் துரை பங்களா மேடு" என்பார். பால் கொட்டாய் இருந்த இடத்தில் இன்று கார் கழுவுகிறார்கள். ஆயாக் கொட்டகையை இடித்துவிட்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கித்தா மரம் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் சிமெண்டு வந்தது. கோயில் மட்டும் அங்கங்கே அசையாமல் நிற்கிறது. ஆனால் ஒன்று, தொலைபேசியை நம்பிப் போனவர்கள் முட்டுச் சந்தில் நின்றிருக்கிறார்கள். இவர் பின்னால் போனவர்கள் நேரே டீக்கடையில்தான் நின்றிருக்கிறார்கள்.

பீடோங் வந்ததும் புதிதாகச் சேர்ந்தவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய், "நான் ஹார்வர்டுல படிச்சவன்" என்று மெல்ல ஆரம்பிப்பார். பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிதான் அந்த ஹார்வர்ட். அதிலும் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று மூன்று பள்ளிகள். அமெரிக்காவில் ஒன்றுதானே இருக்கிறது என்று சேர்த்துக்கொள்வார். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறும். ஏ.எம். சாமியின் தொண்டர் படை 1947-இல் இந்தத் தோட்டத்தில்தான் கள்ளை எதிர்த்துக் கிளம்பியது, பீடோங்கில் போலீசோடு மோத வேண்டி வந்தது என்று சொல்வார். அதை மட்டும் கதை கட்டாமல், கையை ஆட்டாமல் சொல்வார்.

செமெலிங் தாண்டி மெர்போக் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. அரும்பொருளகத்துக்கு ஏறும் பாதை கொஞ்சம் மேடு; நெஞ்சை நிமிர்த்தி வண்டியைத் தள்ளிக்கொண்டே ராஜேந்திர சோழனை ஆரம்பித்துவிடுவார். 1025-இல் கடாரம் வென்ற கதை முடிவதற்குள் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் வந்துவிடும். "எல்லாம் நம்ம சோழன் கட்டினது" என்பார். சோழன் படையெடுத்து வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இங்கே வாணிகமும் கோயிலும் இருந்தன, சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று கூட்டத்தில் இருந்த ஆசிரியை ஒருமுறை பொறுமையாக எடுத்துச் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப அந்த உலையும் சோழனோடதுதான்" என்றார்.

ஜப்பான்காரன் கதையும் உண்டு. 1941 டிசம்பரில் ஜித்ராவில் வெள்ளைக்காரன் படையை உடைத்துக்கொண்டு, இதே வழியாகத்தான் சைக்கிளில் இறங்கினார்கள். டயர் போனாலும் வெறும் இரும்பு வளையத்திலேயே சடசடவென்று ஓட்டினார்கள். அவர்கள் ஜித்ராவை விட்டுக் குருணை எட்டச் சில நாள் பிடித்தது. எங்கள் வேகமும் ஏறக்குறைய அதுதான். அவர்களை வழிமறித்தது பீரங்கி, எங்களை வழிமறிப்பது ரொட்டி சானாய். அந்தக் கதை ஜப்பான்காரன் ஆள் பிடித்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதைப் பக்கம் திரும்பும்போது மட்டும் இவர் சட்டென்று டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் குனிந்துவிடுவார். அவருடைய பெரியப்பா போனவர், திரும்பவில்லை.

கடையில் உட்கார்ந்ததும் "தே தாரேக், குராங் மானிஸ்" என்று உரக்கச் சொல்வார், டாக்டர் காதில் விழட்டும் என்பதற்காகவோ என்னவோ. சீனி குறைவுதான், ஆனால் கடைக்கு ஒன்று. கூடவே நாசி லெமாக். அலோர்ஸ்டார் பக்கம் போனால் பெக்கான் ராபுவில் டோடோல். வீட்டுக்கு என்று வாங்குவார், கால்வாய்க் கரையிலேயே பொட்டலம் பிரிந்துவிடும்.

போன மாதம் புதுப் பையன் ஒருவன், ஜெராய் மேலே ஒரு நாள் ஏறலாமே ஐயா என்று கேட்டுவிட்டான். 1,217 மீட்டர். பென்சன் சைக்கிளார் மலையை ஒரு பார்வை பார்த்தார். "அது ஏறறதுக்கு இல்லடா தம்பி. அந்தக் காலத்துல கப்பல்காரனுக்கே அதுதான் அடையாளம். பார்த்துக்கிட்டே போகணும்." பிறகு மலை பின்னால் தெரிய, ஏறி இறங்கி வந்தவரின் களைப்போடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

வெயில் ஏறியதும் மகனுக்கு அழைப்பு போகும். "எங்கப்பா இருக்கீங்க? லொகேஷன் அனுப்புங்க." "பால் கொட்டாய்கிட்ட வா." தாமானில் பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளை பால் கொட்டாயைக் கண்ணால் கண்டதில்லை, வாராவாரம் அப்பாவை அங்கிருந்து அள்ளிக்கொண்டு போவதால் சரியாக வந்து நிற்பான். ஹைலக்ஸின் பின்னால் சைக்கிள் ஏறும், முன்னால் இவர் ஏறுவார், ஏர்கண்டிஷன் முழு வேகத்தில். கையில் கட்டியிருக்கும் சைக்கிள் கடிகாரத்தை நிறுத்த மட்டும் மறந்துவிடுவார். ராத்திரி வாட்சாப்பில் படம் வரும்: உச்ச வேகம் மணிக்கு 94 கிலோமீட்டர், சொந்தச் சாதனை. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். முதல் கட்டைவிரல் அவர் மனைவியுடையது.