மோரிஸ் மைனரின் முக்குற்றங்கள்: சுங்கைப் பட்டாணி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பீடோங் தாண்டி ஒரு பழைய மோரிஸ் மைனர் மூச்சு வாங்கி நின்றுவிட்டால், சுங்கைப் பட்டாணிச் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் நான்கு கொள்கைகள் பிறந்துவிடும். பெட்ரோல் சரியில்லை என்பது முதலாவது. கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது என்பது அடுத்தது. காயில் போய்விட்டது என்பது மூன்றாவது. இதைச் சொல்பவரிடம் விற்பதற்கு ஒரு காயில் இருக்கும். நான்காவது, கண்ணேறு. முன்பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டினால் தீரும் என்பதால் நான்கிலும் இதுவே சிக்கனமானது. இந்நால்வர் மதங்களையும் மறுத்து, குற்றம் தீப்பொறி விழும் நேரத்தில்தான் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுப் பொருளின் வரலாறு சுருக்கமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் காடி 1948இல் லண்டனில் அறிமுகமானது. 1956இல் 948 சிசி எஞ்சினும் 1962இல் 1,098 சிசி எஞ்சினும் பெற்றது. மலாயாவில் அது வாத்தியார்களும் கிராணிமார்களும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவித் துடைத்த செல்வம்.

இனி இலக்கணம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறி தேவை. அதே ஒரு நொடியில் கிராங்க் 18,000 பாகை திரும்பிவிடும். பெட்ரோலும் காற்றும் எரிய நொடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்காவது ஆகும். எனவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுந்தாக வேண்டும். எவ்வளவு முன்பு என்பதில்தான் வழக்கே.

சித்த மருத்துவ மரபைப் பின்பற்றி இக்குற்றங்களை மூன்றாக வகுக்கலாம்.

பித்தம்: பொறி முந்துவது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் எஞ்சினுக்குள் சில்லறையைக் குலுக்குவதுபோல் சத்தம் வரும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் பலியாகும்.

கபம்: பொறி பிந்துவது. இழுவை இராது, ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோல் மட்டும் தாராளமாகச் செலவாகும்.

வாதம்: பொறி நிலைகொள்ளாதது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும். டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும். இதற்கு எந்தத் திருகைத் திருப்பினாலும் பயனில்லை; புஷ்ஷை மாற்றுவதே மருந்து.

மூன்றிலும் பரவலானது கபம். காரணம் அற்பமானது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டைத் தள்ளித் திறக்கும் சிறு குதிகால், கேமில் உரசி உரசித் தேய்கிறது. குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகும்; குறுகினால் பாயிண்ட் தாமதித்துத் திறக்கும்; திறக்கும் கணத்தில்தான் பொறி. ஆக, யாரும் கை வைக்காமலே டைமிங் பிந்திக்கொண்டு போகிறது. இதனால்தான் அனுபவப்பட்ட போமன், வந்தவுடன் ஸ்பேனரை எடுப்பதில்லை. “பாயிண்டைப் பாத்தீங்களா, ஐயா?” என்று கேட்டுவிட்டு, 15 தவு கேஜை உள்ளே நுழைக்கிறார். அது அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்.

முதலில் இடைவெளி, பிறகு டைமிங். இந்த வரிசையை மாற்றியவர் இரண்டாவது வேலையால் முதல் வேலையைக் கெடுத்தவராவார். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டன்சரையும் சந்தேகிக்க வேண்டும்.

களப்பணியில் வாயும் ஒரு கருவி. வேக்குவம் குழாயை கார்புரேட்டர் பக்கம் கழற்றி உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்தால், உள்ளே பாயிண்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. குழாயின் ரப்பர் முனை வெடித்திருக்கும், அல்லது உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய கெடாவில், விரல்கடை ரப்பருக்காக ஒரு காடி நிற்பது தனி ஆய்வுக்குரியது.

டைமிங் வைக்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். ஒரு முனை டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன ஒயரில், மறுமுனை பாடியில். சாவியைப் போட்டு எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்ப, பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். அப்போது புல்லியின் வெட்டு, உச்சிக் குறிக்குச் சில பாகை முன்பு நிற்க வேண்டும். இக்குறியை வைத்தவர்கள் எஞ்சினின் அடிப்பக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். படுத்து, டார்ச் பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சாக்கட்டி தடவினால்தான் தெரியும். சாக்கட்டி இல்லாத வீட்டில் திருநீறும் வேலை செய்கிறது.

இறுதித் தேர்வுக்கு குரூண் பக்கமிருந்து ஏறும் ஜெராய் மலைப்பாதை சாலச் சிறந்தது. மலையின் உயரம் 1,217 மீட்டர். பித்தமும் கபமும் முதல் சில வளைவுகளிலேயே வாய் திறந்துவிடும். சத்தம் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் உள்ள சிறு திருகை ‘ஆர்’ என்ற எழுத்துப் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். 2009இல் ரோன் 92 போய் ரோன் 95 வந்த பிறகு இந்தத் திருகுக்கு வேலை குறைந்தது.

பாயிண்டையே பிடுங்கிவிட்டு எலக்ட்ரானிக் மாடியூல் பொருத்தும் புதிய மரபொன்றும் வளர்ந்துவருகிறது. குதிகால் இல்லை, தேய்மானம் இல்லை, கேஜும் வேண்டாம் என்பது அவர்கள் வாதம். மாடியூல் நடுராத்திரியில் செத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க என்ன இருக்கிறது என்பது பழைய மரபினரின் எதிர்வாதம். இரு தரப்பிலும் விவரம் தெரிந்தவர்கள், டேஷ்போர்டு அறையில் ஒரு பழைய பாயிண்டும் கண்டன்சரும் வைத்துக்கொண்டுதான் ஈப்போ வரைக்கும் போகிறார்கள்.