தோசைக்கு இருபது சதவீதம்

2025 ஜனவரி 1 அன்று சியாட்டல் நகரத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20.76 டாலர் ஆனது. பெரிய கம்பெனி, சின்னக் கடை என்ற பேதம் அன்றோடு போயிற்று. அதுவரை சிறு உணவகங்களுக்கு ஒரு சலுகை இருந்தது. சர்வருக்கு டிப்ஸாகவோ மருத்துவக் காப்பீடாகவோ ஒரு தொகை சேர்ந்தால், முதலாளி கையிலிருந்து 17.25 டாலர் கொடுத்தால் போதும். சில வருடங்களுக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்த சலுகை, சொன்ன தேதியில் முடிந்தது. சலுகைகள் சொன்ன தேதியில் முடிவது உலக வழக்கமில்லை என்பதால் பல முதலாளிகள் அதிர்ந்துபோனார்கள்.

ஒரே இரவில் மூன்றரை டாலர் ஏற்றம். சர்வர்கள் மகிழ்ந்தார்கள், முதலாளிகள் மெனு கார்டை மறுபடி அச்சடிக்கக் கொடுத்தார்கள். சியாட்டலை ஒட்டிய ஏரிக்கு அக்கரையில், ரெட்மண்டிலும் பெல்வியூவிலும் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் வேறொரு கவலை வந்தது. இனிமேலும் டிப்ஸ் வைக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை மகன்கள் கேட்பதில்லை. கேட்பவர்கள், ஆறு மாதம் தங்கிப்போக ஊரிலிருந்து வரும் அப்பாக்கள். டிப்ஸ் என்றால் அவர்களுக்குத் தெரியாததல்ல. பில் வரும் சின்னத் தட்டில் சோம்புக்குப் பக்கத்தில் இருபது ரூபாயை வைத்துவிட்டு, சர்வர் பார்த்தாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துப் பழகியவர்கள்தான். ஆனால் அங்கே தொகையைத் தீர்மானிப்பது கொடுப்பவர். இங்கே ஒரு கருவி தீர்மானிக்கிறது என்பதைத்தான் அவர்களால் செரித்துக்கொள்ள முடிவதில்லை.

சியாட்டலுக்குள் இருக்கும் ஒரு தோசைக்கடையில் சனிக்கிழமை மத்தியானம். வரிசையில் நின்று ஆர்டர் சொன்ன பிறகு, கவுன்டரில் இருந்த பையன் தட்டையான அந்தத் திரையை இவர்கள் பக்கம் திருப்பினான். “ஒரே ஒரு கேள்வி கேக்கும், அவ்வளவுதான்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சீலிங்கில் முக்கியமான வேலை ஏதோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தான். திரையில் 18, 20, 25 என்று கொழுத்த கட்டங்கள். அவற்றுக்குக் கீழே, கண் மருத்துவர் கடைசி வரியில் வைத்திருக்கும் எழுத்தின் அளவில், ‘டிப்ஸ் வேண்டாம்’.

“என்னடா கேக்குது?”

“டிப்ஸ்ப்பா.”

“எதுக்கு? நாமதான் நின்னோம், நாமதான் சொன்னோம், நம்பரக் கூப்பிட்டா நாமதான் போய் எடுக்கணும். தண்ணியக்கூட அந்த மூலையில நாமதான் புடிச்சுக்கணும்.”

“மெதுவா பேசுங்கப்பா, அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியும்.”

“தெரிஞ்சா நல்லதாப் போச்சு. ஏம்ப்பா தம்பி, உனக்கு மணிக்கு எவ்வளவு தர்றாங்க?”

“இருபதே முக்கால், அங்கிள். ஆனா வாரத்துக்கு இருபது மணி நேரந்தான் ஷிப்ட்டு.”

அப்பா மனத்துக்குள் ரூபாயில் பெருக்கினார். மணிக்கு ஆயிரத்தெண்ணூறு ரூபாய் பக்கம் வந்ததும் வாயடைத்துப்போனார். ஷிப்ட் விவரம் அவர் காதில் விழவில்லை. அதற்குள் மகன் 20 என்ற கட்டத்தை அமுக்கியிருந்தான். பின்னால் நின்ற வரிசை மொத்தமும் தன் விரலையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. உண்மையில் அவரவர் தத்தம் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு புல்மன் ரயில்பெட்டிக் கம்பெனி, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தூங்கும் பெட்டிகளில் பணியாளர்களாக வைத்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. அந்தத் தொழிலாளர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, பன்னிரண்டு வருடம் போராடி, 1937-ல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். உணவகத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு விடிவு வரவில்லை. 1938-ல் வந்த கூலிச் சட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. 1966-ல் சேர்த்தபோதும், கூலியில் ஒரு பங்கை டிப்ஸில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு அனுமதி கொடுத்துத்தான் சேர்த்தார்கள். டிப்ஸ் வாங்குபவருக்கு முதலாளி தர வேண்டிய மத்தியக் குறைந்தபட்சம் 1991-லிருந்து இன்றுவரை 2.13 டாலர்தான். டிப்ஸையும் சேர்த்து, மற்ற தொழிலாளர்களுக்கான மத்தியக் குறைந்தபட்சமான 7.25 டாலர் வரவில்லையென்றால் முதலாளி நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நிரப்பச் சொல்லிக் கேட்கும் சர்வருக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட் கிடைக்கும் என்பதைச் சட்டம் சொல்வதில்லை.

டெக்சாஸில் இன்றைக்கும் இந்த 2.13தான் நடைமுறை. டாலஸில் ஒரு சர்வருக்கு 20 சதவீதம் வைத்தால், அது ஏறக்குறைய அவருடைய சம்பளத்தையே நாம் கொடுப்பதுதான். சியாட்டல் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் கதையே வேறு. கலிபோர்னியா, ஓரெகான், நெவாடா உட்பட ஏழு மாநிலங்களில் மாநிலச் சட்டம் டிப்ஸைக் கூலியில் கழிக்க விடுவதில்லை. அவற்றில் வாஷிங்டனும் ஒன்று. சியாட்டல் சர்வருக்கு முதலாளி தருவது டாலஸ் சர்வருக்குத் தருவதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. ஆனால் டாலஸிலிருந்து சியாட்டலுக்கு வேலை மாற்றி வரும் தமிழர், அங்கே அமுக்கிய அதே 20-ஐத்தான் இங்கேயும் அமுக்குகிறார். சம்பளத்துக்கும் டிப்ஸுக்கும் தொடர்பு உண்டு என்று வாதாடுகிறவர்கள் இவருடைய விரலைக் கவனிக்க வேண்டும்.

‘ரிசர்வாயர் டாக்ஸ்’ படத்தில் (1992) ஸ்டீவ் புஷேமி நடித்த மிஸ்டர் பிங்க், டிப்ஸ் வைக்க மாட்டேன் என்று உணவக மேசையில் சக திருடர்களோடு மல்லுக்கு நிற்பார். சட்டபூர்வமான கூலி வாங்கும் வேறு தொழிலாளர்களுக்கு யாரும் டிப்ஸ் வைப்பதில்லையே என்பது அவர் வாதத்தில் ஒன்று. கொள்ளையடிக்கக் கிளம்பும் கூட்டம் அவரைக் கஞ்சன் என்று ஏசுகிறது. கடைசியில் அவரும் ஒரு டாலரை எடுத்து வைக்கிறார்.

நல்ல சேவைக்குத்தான் டிப்ஸ் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை ஆராய்ச்சி ரொம்ப காலத்துக்கு முன்பே உடைத்துவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இதற்கென்றே வாழ்நாளைச் செலவிட்டவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் தொகைக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்று கண்டார். எது வேலை செய்கிறது? மேசைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆர்டர் எடுத்தால் கூடுதலாகக் கிடைக்கிறதாம். பில்லோடு மிட்டாய் கொடுத்தாலும் கூடுகிறது. பில்லின் பின்பக்கம் சிரித்த முகம் வரைந்தால் பெண் சர்வர்களுக்கு ஏறியது, ஆண்களுக்கு ஏறவில்லை என்று 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆண் வரைந்தால் வாடிக்கையாளர் சந்தேகப்படுகிறார் போலிருக்கிறது. சாம்பார் சூடாக வந்ததா என்பது இந்தப் பட்டியலில் எங்கேயும் முக்கியமாக இல்லை.

சம்பளமும் காரணமில்லை, சேவையும் காரணமில்லை என்றால் மிஞ்சுவது கூச்சம். கூச்சத்துக்குப் பஞ்சப்படி உண்டு என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. மசால் தோசை 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் 3 டாலர். சம்பளம் கூடியதால் முதலாளி தோசையை 18 ஆக்குகிறார். இப்போது டிப்ஸ் 3.60. அதாவது சர்வரின் சம்பள உயர்வை வாடிக்கையாளர் விலையில் ஒருமுறை கொடுக்கிறார், அந்த உயர்வுக்கு டிப்ஸும் தனியாகக் கொடுக்கிறார். பல இடங்களில் வரியையும் கூட்டிய பிறகே சதவீதம் போடுகிறார்கள். சியாட்டலில் விற்பனை வரியே 10 சதவீதத்துக்கு மேல். அரசாங்கத்துக்குக் கட்டும் வரிக்கும் டிப்ஸ் வைக்கும் மனிதர் இங்கேதான் இருக்கிறார். போதாக்குறைக்கு சதவீதமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1922-ல் எமிலி போஸ்ட் எழுதிய நாகரிகக் கையேட்டில் 10 சதவீதம்தான். 15, 18, 20 எல்லாம் பின்னால் வந்தவை.

இந்தக் கூச்சத்தை ஒழிக்கப் பார்த்தவர்களும் உண்டு. டிப்ஸுக்கு எதிராக நாட்டிலேயே முதலில் சட்டம் போட்டது, 1909-ல், இதே வாஷிங்டன் மாநிலம்தான். நாலே வருடத்தில் அதைத் திரும்பப் பெற்றது. பின்தொடர்ந்த மற்ற மாநிலங்களின் சட்டங்களும் 1926-க்குள் போய்ச் சேர்ந்தன. நியூயார்க்கில் டேனி மேயர் என்ற பெரிய உணவக முதலாளி 2015-ல் தம் கடைகளில் டிப்ஸை நிறுத்தி விலையிலேயே சேர்க்கத் தொடங்கினார். டிப்ஸில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த சர்வர்கள் சிலர் விலகினார்கள். மெனுவைப் பார்த்த வாடிக்கையாளருக்கு விலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. 2020-ல் அவர் பழைய பாதைக்கே திரும்பினார். மொத்தத் தொகை ஒன்றுதான் என்றாலும், 18 டாலர் தோசையை விட 15 டாலர் தோசையும் 3 டாலர் பெருந்தன்மையும் மனிதனுக்கு இனிக்கிறது.

சரி, சியாட்டலில் என்ன செய்வது? இதை எழுதுபவரின் கட்சி இது. மேசைக்கு வந்து பரிமாறினால் வைக்கலாம். வரிக்கு முந்தைய தொகையில் 10, 12 சதவீதம் வைத்தாலும் அது மரியாதைதான். நின்று வாங்கி நாமே தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் திரையைக் கண்ணுக்குக் கண் பார்த்துக் கடைசி வரியை அமுக்கலாம். இன்னொன்றும் விசாரிக்கலாம்: டிப்ஸில் அடுப்படிக்குப் பங்கு உண்டா? டிப்ஸைக் கூலியில் கழிக்காத கடைகளில் சமையல்காரர்களோடும் பாத்திரம் கழுவுபவர்களோடும் பங்கிட 2018-லிருந்து மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது. தோசை முறுகலாக வந்ததற்குக் காரணம் கல்லின் முன்னால் வியர்த்து நிற்கும் மாஸ்டர். அவருக்குப் பத்துக் காசும் போகாத 20 சதவீதத்தை அமுக்கிவிட்டு தர்மம் செய்த நிறைவோடு வெளியே வருவது கொஞ்சம் அதிகம்.

பல சியாட்டல் உணவகங்கள் இடையில் வேறு வழி கண்டன. டிப்ஸ் வேண்டாம், பில்லிலேயே 20 சதவீத சேவைக் கட்டணம். அதில் எவ்வளவு ஊழியருக்குப் போகிறது என்பதைப் பில்லிலும் மெனுவிலும் அச்சிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பொடி எழுத்தில்தான் இருக்கும், ஆனால் இருக்கும். ஒழுங்குக்கு வருவதுபோல் இருந்தது. அந்த நேரத்தில் 2025 ஜூலையில் மத்திய அரசு, டிப்ஸ் வருமானத்தில் வருடத்துக்கு 25,000 டாலர் வரைக்கும் 2028 வரை வருமான வரிக் கழிவு கொடுத்தது. நிபந்தனை, டிப்ஸ் மனமுவந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். கட்டாய சேவைக் கட்டணம் கணக்கில் வராது. ஆகவே கூச்சத்தை ஒழித்த கடையில் வேலை பார்க்கும் சர்வர் வரி கட்டுகிறார், கூச்சப்படுத்தும் கடையின் சர்வருக்குத் தள்ளுபடி.

சலுகைக்குத் தகுதியான தொழில்கள் என்று கருவூலத்துறை ஒரு பட்டியலும் வெளியிட்டது. ஏறக்குறைய எழுபது தொழில்கள். சர்வர்கள், முடிதிருத்துபவர்கள் இருப்பது நியாயம். வீட்டுக்கு வந்து எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவரும் குழாய் ரிப்பேர் செய்யும் பிளம்பரும்கூட அதில் இருக்கிறார்கள். ரெட்மண்ட் மகன் இதைப் படித்துக் காட்டியபோது அப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். சிங்க்குக் கீழே ஒரு வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. “ஆளைக் கூப்பிடாதே, ஸ்பேனர் எங்க இருக்கு சொல்லு” என்றார்.